நாக்கு சுட்டால் முதலில் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூடாக எதையாவது குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டவர்களுக்காக உங்கள் உடல்நலப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. சர்க்கரையைத் தூவிக்கொள்ளலாம், ஐஸ் கட்டியை வைத்து அழுத்தலாம், தேன் தடவலாம், மரத்துப்போகச் செய்யும் ஜெல் பூசலாம் என்று நாலைந்து வழிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு முடித்திருந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எந்த வயதுக்கு எது ஆகாது என்பதும் இல்லை. பல் மருத்துவர் ஒருவரிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பக்கவாதம் வந்த என் அப்பாவை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் குறிப்பை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துக்கொள்ளும் வீடுகள் இருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாக்கு சுட்ட அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான். குளிர்ந்த பச்சைத் தண்ணீரை வாய் நிறைய எடுத்து, நாக்கு முழுக அப்படியே வைத்திருந்து, வெதுவெதுப்பாக ஆனதும் துப்பிவிட்டு அடுத்த வாய் எடுக்க வேண்டும். ஒரு மடக்குக் குடித்துவிட்டு "சரி, ஆச்சு" என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோமே, அது போதாது. சூடான வாய் உணவு தொண்டையில் இறங்கிவிட்டாலும், அது கொடுத்த சூடு நாக்கின் சதையில் கொஞ்ச நேரம் நிற்கும். நிற்கும் வரைக்கும் உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும். கையில் கொதிநீர் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொல்வது பல நாடுகளில் முதலுதவி விதி. வாய்க்குள் அவ்வளவு நேரம் முடியாவிட்டாலும், எரிச்சல் அடங்கும் வரை ஐந்து பத்து நிமிடமாவது மாற்றி மாற்றித் தண்ணீரை வைத்திருக்கலாம். செலவே இல்லாத, கைக்குழந்தைகளையும் விழுங்கத் தடுமாறுபவர்களையும் தவிர எல்லோருக்கும் பொருந்துகிற வைத்தியம் இது. குறிப்பின் முதல் வரியில் இருந்திருக்க வேண்டியதும் இதுவே.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். வாயில் போட்டது சுடுகிறது என்று தெரிந்ததும் துப்பிவிட வேண்டும். சொல்லச் சுலபம்தான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, அதிலும் விருந்துக்குப் போன இடத்தில், வாயில் வைத்ததை வெளியே எடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? கண்ணில் நீர் முட்ட, வாயைத் திறந்து 'ஹா ஹா' என்று காற்றை இழுத்து, கடைசியில் விழுங்கிவிடுவார்கள். நாக்கோடு போயிருக்க வேண்டிய சூடு அப்புறம் தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் இறங்கும். எங்கள் மருத்துவரிடம் வந்தவர்களில் பலர் நாக்கைக் காட்டும்போதே, "நெஞ்சுக்குள்ளயும் எரிஞ்சுக்கிட்டே போச்சு" என்று தடவிக் காட்டுவார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே வளர்க்க வேண்டும்: சுட்டால் துப்பு, யாரும் திட்ட மாட்டார்கள். துப்பிய பிள்ளையை அதட்டும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த முறை விழுங்கத்தான் செய்யும்.

ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ் கட்டியை நாக்கில் வைத்து அழுத்தச் சொல்வது சரியில்லை. ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டி, ஈரமான நாக்கில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் ஏற்கெனவே வெந்திருக்கும் மேல்தோல் அதோடு உரிந்து வரும். கடும் குளிர் தொடர்ந்து ஒரே இடத்தில் பட்டால் அதுவும் திசுவைக் கெடுக்கும். ஐஸ் வேண்டுமென்றால் சின்னத் துண்டாக உடைத்து, தண்ணீரில் ஒருமுறை நனைத்து, வாய்க்குள் உருட்டிக்கொண்டே சப்பலாம். ஐஸ்கிரீமும் சில்லென்ற தயிரும் நல்லவைதான். குளிர்ந்த பால் நாக்கின்மேல் மெல்லப் படிந்து நிற்பதால் தண்ணீரைவிடச் சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் இவையெல்லாம் தண்ணீருக்குப் பிறகு. ஐஸ்கிரீம் தேடிக் கடைக்கு ஆள் அனுப்பும் நேரத்தில் குழாய்த் தண்ணீர் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

சர்க்கரையும் தேனும் எரிச்சலை மறக்கடிக்கும் என்று பலரும் சொல்வார்கள். பெரியவர்கள் தேனை ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொள்வதில் தவறில்லை, இதமாகவே இருக்கும். சூட்டை அது இறக்காது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில சமயம் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கும். நம் வயிற்றில் அவை ஒன்றும் செய்யாமல் போய்விடும். கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும், தசைகள் தளர்ந்து மூச்சு வரைக்கும் பாதிக்கலாம். உங்கள் குறிப்பில் 'குழந்தைகளுக்கும் ஏற்றது' என்று போட்டிருந்ததைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது.

அந்த ஜெல்லும் அப்படித்தான். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பல வாய் ஜெல்களில் பென்சோகெயின் என்ற மரப்பு மருந்து இருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதை வாயில் தடவக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் கண்டிப்பாகவே எச்சரித்தது. அரிதாக, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாய்ந்து, மூச்சு வாங்க ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கும் எனக்குத் தெரிந்த ஒரு தொல்லை உண்டு. நாக்கை மரக்கச் செய்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சூடும் தெரியாது, கடிபடுவதும் தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்டவர்களிடம் "மரப்பு தெளியும் வரைக்கும் சூடா எதுவும் வேண்டாம்" என்று நான் வாசல் வரை போய்ச் சொல்லி அனுப்புவது வழக்கம். அடுத்த நாள் கன்னத்தின் உட்புறம் வெந்துபோய் வந்து நின்றவர்கள் உண்டு.

வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் மாத்திரையை அளவோடு விழுங்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் புண்ணின்மேல் வைத்து ஒதுக்கிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது அமிலத் தன்மையுள்ள மருந்து, வைத்த இடத்தில் வெள்ளை வெளேரென்று இன்னொரு புண்ணை உண்டாக்கும். பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் விழுங்கவும் கொடுக்கக் கூடாது. பற்பசை, வெண்ணெய், எண்ணெய் எதையும் நாக்கில் தடவ வேண்டாம். புதினா மிட்டாய் சப்பினால் சில்லென்று இருக்கிறதே என்று கேட்பார்கள். புதினாவில் உள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். நாக்கின் சூடு ஒரு டிகிரிகூட இறங்குவதில்லை.

இதற்கு மறுபக்கம் மிளகாய். சுட்ட நாக்கில் காரம் பட்டால் ஏன் அப்படித் துடிக்கிறது என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. 43 டிகிரிக்கு மேல் சூடு போனால் மூளைக்குச் சேதி சொல்கிற ஓர் உணர்வான் நம் நரம்பு முனைகளில் இருக்கிறது. மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் என்ற பொருளும் அதே உணர்வானைத்தான் தொடுகிறது. டேவிட் ஜூலியஸ் என்பவரின் ஆய்வுக்கூடம் 1997-இல் அதைக் கண்டுபிடித்தது. 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கும் பகிர்ந்து கிடைத்தது. தீப்புண்ணும் வீக்கமும் உள்ள இடத்தில் இந்த உணர்வான் இன்னும் கூர்மையாகிவிடும், வழக்கமாகச் சுடாத வெதுவெதுப்புகூடச் சுடும். அதனால் இரண்டு மூன்று நாளைக்குக் காரம், புளிப்பு, மொறுமொறுவென்று கீறும் பண்டங்கள், மது, புகையிலை எல்லாவற்றையும் தள்ளிவைப்பதே நல்லது. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தும் வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பிறகு கொப்பளித்தால் புண் சுத்தமாக இருக்கும். பல் தேய்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை, நாக்கு வழிப்பதை மட்டும் புண் ஆறும் வரை விட்டுவிடலாம். வழிப்பானால் சுரண்டிச் சுரண்டியே ஆறுகிற புண்ணைப் புதுப்பித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: "ருசி திரும்ப வருமா?" பெரும்பாலும் வரும். சுட்ட நாக்கைக் கிட்டத்தில் விளக்கடியில் பார்த்தால், நுனியில் இருக்கும் சின்னச் சின்ன மேடுகள் வீங்கிச் சிவந்து தெரியும். சில இடங்களில் மேல்தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அதைச் சுற்றி மெத்தென்ற சொரசொரப்புப் போய், வழவழவென்று பளபளக்கும். சாதாரணமாக நாக்கைச் சொரசொரப்பாக வைத்திருக்கும் நூல் போன்ற மேடுகளில் சுவை மொட்டுகளே கிடையாது. நுனியிலும் ஓரத்திலும் இருக்கும் காளான் வடிவ மேடுகளில்தான் அவை இருக்கின்றன, முதலில் சுடுவதும் அங்கேதான். சுவை மொட்டுக்குள் இருக்கும் செல்கள் சுமார் பத்து நாளைக்கு ஒருமுறை தாமாகவே புதிதாக வருபவை. வாயின் உட்தோல் கைத்தோலைவிட வேகமாக ஆறும். அங்கே ரத்த ஓட்டம் அதிகம், உமிழ்நீரிலும் புண் ஆற உதவும் பொருள்கள் இருக்கின்றன. லேசாகச் சுட்டது ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். ருசி மழுங்கினாற்போல இருப்பது இன்னும் சில நாள் நீடிக்கலாம். அதற்காக உப்பையும் காரத்தையும் கூட்டிக் கூட்டிச் சாப்பிட வேண்டாம்.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடாத நிலைகளும் உண்டு. குரல் கரகரத்தால், எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டால், மூச்சில் இரைச்சல் கேட்டால், நாக்கோ தொண்டையோ வீங்குவது தெரிந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இந்த வீக்கம் சுட்ட சில மணி நேரம் கழித்தும் வரும். குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் குறுகலானது என்பதால் அவர்களிடம் இரண்டு மடங்கு கவனம் தேவை. பெரிய கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெந்த இடம் வெள்ளையாகவோ கருப்பாகவோ மாறி, அங்கே வலியே இல்லையென்றால் நிம்மதி அடையக் கூடாது. ஆழமாக வெந்தால் நரம்பு முனைகளும் போய்விடும், வலிக்காது. எந்தப் புண்ணும் இரண்டு வாரத்தைத் தாண்டி ஆறாமல் நின்றால், சுட்டதுதானே என்று விடாமல் காட்டிவிடுங்கள். எதுவும் சுடாமலேயே நாக்கு மாதக் கணக்கில் எரிவது வேறு தொல்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதை அதிகம் பார்க்கலாம். அவர்கள் தினமும் ஐஸ் சப்பிக் காலம் கடத்தாமல் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

இனி என் அப்பாவைப் பற்றி. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வலது கன்னத்திலும் நாக்கின் வலப்பாதியிலும் உணர்ச்சி இல்லை. அவர் படுத்திருந்த ஒரு மருத்துவமனையில், மூடி போட்ட கிண்ணத்தில் வந்த சூப்பை ஒரு பணியாளர் ஸ்பூனில் ஊட்டினார். அப்பா முகம் சுளிக்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. சாயங்காலம் நான் வாயைத் துடைத்துவிடும்போதுதான் பார்த்தேன். நாக்கின் வலது ஓரத்தில் கட்டைவிரல் நகமளவுக்கு வெளுத்து, அதன் விளிம்பில் தோல் பூண்டுச் சருகு மாதிரி மெல்லியதாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கேட்டதற்கு, "அவரு சூடுன்னு ஒண்ணும் சொல்லலையே" என்றார்கள். அவரால் சொல்ல முடியாது என்பதற்காகத்தானே அங்கே படுத்திருந்தார்! அந்தப் புண் ஆறும் வரைக்கும் ஒவ்வொரு வாய்க்கும் அவர் இடது பக்கமாக மென்றதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு வாய் நிறையத் தண்ணீர் கொடுப்பதும் ஆபத்து. விழுங்குவதில் தடுமாற்றம் இருப்பவருக்குப் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, சுத்தமான மெல்லிய துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நாக்கின்மேல் வைக்க வேண்டும். சூடேறியதும் எடுத்து மறுபடி நனைத்து வைக்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் தண்ணீர் வைத்திருப்பதில் கிடைக்கிற பலன் ஏறக்குறைய இதிலும் கிடைக்கும். கைக்குழந்தைக்கும் ஐஸ் துண்டு கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். தாய்ப்பாலோ, வழக்கமாகக் கொடுக்கும் பால் ஆறியதோ போதும்.

ஊட்டுபவர்கள் சூட்டைத் தாங்களே பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் போதாது. சூப்பின்மேல் எண்ணெய் படலம் மிதந்தால் ஆவி வெளியேறாது. ஆவி பறக்கவில்லையே, ஆறிவிட்டது என்று நினைப்போம், அடியில் கொதித்துக்கொண்டிருக்கும். கெட்டியான குழைவான உணவு மேலே ஆறினாலும் நடுவில் ஆறாது, நாக்கிலும் மேல்வாயிலும் ஒட்டிக்கொண்டு சுடும். உள்ளே பூரணமோ உருகிய சீஸோ வைத்த பண்டத்துக்கும் அதே கதி. மைக்ரோவேவில் சுடவைத்தால் ஒரு ஓரம் சில்லென்றும் இன்னொரு ஓரம் கொதிப்பாகவும் இருக்கும், அதனால் அடிவரை கலக்கிவிட்டு ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். குழந்தையின் பால் புட்டியை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடுபண்ணி, குலுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். சூடான பானத்தை ஸ்ட்ரா வைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். உதடும் நுனி நாக்கும் எச்சரிக்கும் முன்னே அது நேராக உள்நாக்குப் பக்கம் போய் விழும்.

நன்றாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டீயும் காபியும் 90 டிகிரிக்கு மேல் கொதித்த தண்ணீரில் போடுவது, கோப்பைக்கு வரும்போது பெரும்பாலும் 70-க்கு மேல்தான் இருக்கும். 70 டிகிரித் தண்ணீர் கையில் ஒரு விநாடி நின்றாலே தோல் வேகும். நாம் காற்றையும் சேர்த்து உறிஞ்சி, நாக்கில் நிறுத்தாமல் விழுங்குவதால்தான் தப்பிக்கிறோம். பிரவுன், டில்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் ருசியையும் சுடும் ஆபத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, சூடான பானம் பரிமாற ஏற்ற சூடு சுமார் 58 டிகிரி என்று எழுதினார்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயை வரவழைக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியது. தினமும் நாக்கு சுடுகிறது, பழகிவிட்டது என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்து, கலக்கிவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்துக் குடித்தால் ருசியும் கூடுதலாகத்தான் தெரியும்.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதம் முழுவதையும் போட இடமில்லாவிட்டால் பரவாயில்லை. ஆனால் அந்தக் குறிப்பு வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள்: சுட்டவுடன் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருக்க வேண்டும், ஒரு வயதுக்குள் தேன் கூடாது, இரண்டு வயதுக்குள் மரப்பு ஜெல் கூடாது, மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வரும் ஞாயிறு இதழிலேயே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பல் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகி